நோர்வேயின் மின்சாரக் கார்: எண்ணெய்க் காசா, வரியா, பஸ் தடமா?

2025 அக்டோபர் 17 (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்)

நோர்வேயில் விற்கும் புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார் என்று எல்லோரும் புழுகுகிறார்கள். இதில் என்ன அதிசயம்? கடலுக்குள் எண்ணெய் தோண்டி விற்ற காசை அரசாங்கம் அள்ளிக் கொடுத்தது, சனம் வாங்கியது. கொடுப்பதை நிறுத்தினால் அடுத்த மாதமே பெற்றோல் காருக்குத் திரும்பிவிடுவார்கள். எங்கள் நாட்டுக்கு இதில் படிக்க ஒன்றுமில்லை. அங்கே இருக்கிறவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

2025 அக்டோபர் 18, காலை

மறுக்கிறேன். 1988இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுவது மின்சாரக் கார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சதமும் என் கையில் யாரும் தரவில்லை. தம்பி, உங்கள் கணக்கு அங்கேயே பிழைக்கிறது.

இங்கே கார் வாங்குவது என்றால் ஆதியிலிருந்தே வரியோடு மல்லுக்கட்டுவதுதான். முதலில் பதிவு வரி. காரின் எடை கூடக் கூட, புகை கூடக் கூட அந்த வரியும் ஏறும். அதற்குப் பக்கத்தில் 25 வீத வற் வரி வேறு. சாதாரண பெற்றோல் கார் ஒன்றை வாங்கினால் விலையில் பெரும் பங்கு அரசுக்குப் போகும். மின்சாரக் காருக்குப் பதிவு வரியை 1990இல் எடுத்தார்கள், வற் வரியை 2001இல் எடுத்தார்கள். கொடுத்தது என்று ஒன்றுமில்லை, எடுக்காமல் விட்டதுதான். அதனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போது விலை கூடின மின்சாரக் கார், காட்சியறைக்கு வந்து நிற்கும்போது பக்கத்துப் பெற்றோல் காரின் விலைக்கு இறங்கி நிற்கும். வாங்குகிறவனுக்குத் தெரிவது அந்த இரண்டு விலைச் சீட்டுகளும்தான்.

2025 அக்டோபர் 18, இரவு

விட்டுப்போன ஒரு சங்கதி. 1990இல் இந்த நாட்டில் வாங்குவதற்கு உருப்படியான மின்சாரக் கார் எங்கே இருந்தது? இல்லவே இல்லை. அதனால்தான் வரியை எடுப்பது அவர்களுக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. இல்லாத காருக்கு வரி விட்டால் அரசுக்கு என்ன நட்டம்!

அதற்கு முதல் வருஷம், 1989இல், ஆ-ஹா என்ற நோர்வே இசைக்குழுவின் பாட்டுக்காரரும் பெலோனா என்ற சூழல் அமைப்பின் பிரெடரிக் ஹவுகேயும் ஒரு சின்ன ஃபியட் பண்டாவை மின்சாரத்துக்கு மாற்றிக் கொண்டுவந்து சுங்கவாயில்களில் காசு கட்டாமல் ஓடித் திரிந்தார்கள். தண்டம் மேல் தண்டம் வந்தது. கட்டவில்லை. காரைப் பறித்து ஏலத்தில் விட்டார்கள், ஏலத்தில் அவர்களே திரும்ப எடுத்தார்கள். நான் அப்போது வடக்கே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் கொட் மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தேன். மத்தியான இடைவேளையில் இதைச் சொல்லிச் சிரித்தது ஞாபகம். 1997இல் மின்சாரக் காருக்குச் சுங்கக் காசே இல்லை என்று சட்டம் வந்தது.

பிறகு நோர்வேயிலேயே திங்க், பட்டி என்று இரண்டு சின்னக் கார்கள் செய்தார்கள். சலுகைகள் வளர்ந்ததற்கு அவையும் ஒரு காரணம், உள்ளூர்க் கார்த் தொழிலைக் கைதூக்கிவிடும் ஆசை. திங்க் 2011இல் முறிந்து போனது. பிள்ளை போய்விட்டது, பிள்ளைக்கு வாங்கிய தொட்டில் இருந்தது. அந்தத் தொட்டிலில்தான் நிசானும் ரெஸ்லாவும் வந்து படுத்தன.

எங்கள் மாடியில் ஒரு வயதான நோர்வேக்காரர் பட்டி வைத்திருந்தார். குளிசைப் பெட்டிக்குச் சக்கரம் பூட்டினது மாதிரி இருக்கும். மழை பெய்தால் கண்ணாடியை உள்ளுக்குள்ளிருந்து துணியால் துடைத்தபடி ஓட்டுவார். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்டால் கை காட்டுவார்கள். நான் மட்டும், பாவம், நல்ல கார் வாங்க வசதியில்லைப் போல என்று நினைத்துக்கொள்வேன்.

2025 அக்டோபர் 21

பட்டிக் கிழவரைப் பார்த்துப் பாவம் என்று நான் நினைத்த நேரத்தில் என்னிடம் இருந்தது டீசல் கார். அந்தக் கதையையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் நான் அரசுக்கு ஒத்து ஊதுகிறேன் என்பீர்கள்.

2007இல் பதிவு வரியைக் கரியமில வாயுவின் அளவோடு சேர்த்துக் கட்டினார்கள். டீசல் எஞ்சின் அந்த வாயுவைக் குறைவாக விடும், அதனால் டீசல் காருக்கு வரி இறங்கியது. ஒரே வருஷத்தில் நாடே டீசலுக்குத் தாவியது, விற்ற புதுக் கார்களில் நாலில் மூன்று டீசல். நானும் 2008இல் கடன் எடுத்து ஒன்று வாங்கினேன். நாட்டுக்கு நல்லது, எனக்கும் மலிவு என்று பெருமை வேறு. சில வருஷத்தில் கதை திரும்பியது. டீசல் புகையில் வரும் நைதரசன் ஒட்சைட்டு நகரத்துக் காற்றைக் கெடுக்கிறது, குழந்தைகளுக்குச் சளி, ஆஸ்துமா என்றார்கள். 2017 ஜனவரி 17ஆம் திகதி ஒஸ்லோ மாநகரத்து வீதிகளில் டீசல் கார் ஓடக்கூடாது என்று ஒரு நாள் தடை. பத்து வருஷத்துக்கு முன்னம் வாங்கு என்று சொன்ன அதே வாய்!

மனுசி அன்றைக்கு ரயிலில் வேலைக்குப் போனா. வந்து ஒரு வசனம்தான் சொன்னா: "இனி உங்கட அரசாங்கம் குதிரை வண்டி வாங்கச் சொன்னால் என்னைக் கேட்டுப்போட்டு வாங்குங்கோ."

சனம் வரிக்கு எவ்வளவு கெதியாக வளைகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. சரியான பக்கமும் வளையும், பிழையான பக்கமும் வளையும்.

2025 அக்டோபர் 26

இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன். விலை குறைவு என்பதற்காகத்தான் மின்சாரக் கார் வாங்கினாயா என்று கேட்டால், என் நேர்மையான பதில்: அது பாதிதான். மீதிப் பாதி பஸ் தடம்.

நான் இருப்பது டிராமன். வேலை ஒஸ்லோவில், ஒரு பெரிய சமையற்கூடத்தில். நாற்பது கிலோமீற்றர், ஈ-18 என்ற ஒரே வீதி. காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் ஆஸ்கர் தாண்டும்வரை பிரச்சினையில்லை. சண்ட்வீக்கா கிட்ட வரும்போது முன்னால் சிவப்பு விளக்குகள் ஒரு மாலை மாதிரித் தெரியும். அதற்குப் பிறகு ஊர்வதுதான். ஒரு மணி நேரம், பனி கொட்டினால் ஒன்றரை. கிளச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வீங்கி வைத்தியரிடம் போயிருக்கிறேன்.

வலப்பக்கம் பஸ் தடம் வெறிச்சென்று இருக்கும். பஸ் போகும், டாக்சி போகும், இடைக்கிடை இலக்கத் தகட்டில் 'இஎல்' என்று எழுத்துப் போட்ட ஒரு சின்னக் கார் போகும். ஒருநாள் காலை அந்தத் தடத்தில் எங்கள் மாடிக் கிழவர் தன் குளிசைப் பெட்டியில் என்னைத் தாண்டிப் போனார். கையசைத்துவிட்டுப் போனார் என்பதுதான் தாங்க முடியாதது. மூன்று லட்சம் குரோணர் கடனில் வாங்கின டீசலுக்குள் நான் இருக்கிறேன், கதவு ஒழுங்காகப் பூட்டாத பெட்டிக்குள் மனிதர் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். சூழல், பூமி வெப்பம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்ட காரணங்கள்.

2013 இலையுதிர்காலத்தில் நிசான் லீஃப் வாங்கினேன். வீட்டிலிருந்து வேலைக்கு நாற்பத்தைந்து நிமிஷம். சுங்கக் காசு இல்லை (நாங்கள் 'பொம்' என்போம், நோர்வேச் சொல்லே வாயில் வந்துவிட்டது), அதில் மட்டும் வருஷத்துக்கு ஒன்பதாயிரம் குரோணரை ஒட்டி மிச்சம். ஒஸ்லோவில் மாநகரசபைத் தரிப்பிடம் இலவசம், அங்கேயே சார்ஜ் பண்ணவும் காசில்லை. கோடை விடுமுறைக்கு மேற்குக் கரைக்குப் போனால் ஃபெரியில் காருக்குக் காசு இல்லை, ஆளுக்கு மட்டும். காரைநகர்க்காரருக்கு விளங்கச் சொன்னால் கடலைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் காருக்குக் கூலி இல்லை.

இதில் பஸ் தடம் விட்டதற்கு அரசுக்கு ஒரு குரோணர் செலவில்லை. ஏற்கெனவே கிடந்த தார். உங்கள் "எண்ணெய்க் காசு" வாதத்துக்கு என் பதில் இதுதான்.

2025 அக்டோபர் 27

திருத்தம். பஸ் தடம் 1990களிலேயே விட்டார்கள் என்கிற மாதிரி நேற்றைய குறிப்பு வாசிக்கப்படுகிறது. இல்லை. 2003இல் ஒஸ்லோப் பக்கம் பரீட்சார்த்தமாக, 2005இல் நாடு முழுக்க.

இன்னொன்று. அந்தச் சொர்க்கம் எனக்கு இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. எல்லோரும் என்னைப் போலவே யோசித்திருக்கிறார்கள், பஸ் தடம் முழுக்க மின்சாரக் கார், பஸ்சாரதிகள் சத்தம் போட்டார்கள். 2015இல் ஈ-18இன் அந்தப் பகுதியில் காலை 7 முதல் 9 வரை மின்சாரக் காரில் இன்னொரு ஆளும் இருந்தால்தான் பஸ் தடம் என்று சட்டம் மாறியது.

உடனே ஒரு ஆள் தேட வேண்டி வந்தது. போகும் வழியில் லியர் என்ற இடத்தில் ஒரு தமிழ்ப் பொடியன், ஒஸ்லோவில் களஞ்சியமொன்றில் வேலை. காலையில் அவனை ஏற்றுவேன். எனக்குத் தடம், அவனுக்கு ஓசிப் பயணம். முதல் ஒரு மாதம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, வானொலி மட்டும் கதைத்தது. பிறகு கதைத்தோம். நாலு வருஷம் கழித்து அவன் என் மூத்த மகளைக் கட்டினான். வீதிப் போக்குவரத்துச் சட்டம் பேசிமுடித்த கல்யாணம் என்று மண்டபத்தில் ஒலிவாங்கியில் சொன்னேன், தமிழர் சிரித்தார்கள், நோர்வேக்காரர் விதி இலக்கம் என்ன என்று கேட்டார்கள்.

2025 நவம்பர் 2

இளைய மகள் பொருளியல் படிக்கிறாள். நான் எழுதியதைக் காட்டினேன். மொழிபெயர்க்க வேண்டியதில்லை, வடிவாகத் தமிழ் வாசிப்பாள். வாசித்துவிட்டு, "அப்பா, எடுக்காமல் விடுவதும் கொடுப்பதும் வரவுசெலவில் ஒன்றுதானே?" என்றாள்.

சரி, அதில் அவள் பக்கம்தான் நியாயம். வராமல் போன வரி வருஷா வருஷம் பல பில்லியன் குரோணர். எண்ணெய் வருமானம் இல்லாத நாடு அந்த ஓட்டையை வேறு வரியால் அடைக்க வேண்டும். நீங்கள் சொன்னதில் அந்தளவு உண்மை இருக்கிறது. அதோடு "ஒரு சதமும் தரவில்லை" என்றதையும் கொஞ்சம் விலக்கிக்கொள்கிறேன். என் கையில் தரவில்லை, ஆனால் நெடுஞ்சாலை ஓரம் வேக சார்ஜர் போட்ட கம்பனிகளுக்கு எனோவா என்ற அரச நிறுவனம் காசு கொடுத்தது.

அவள் சொன்ன இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறைத்தது. என் லீஃப் இரண்டேகால் லட்சம் குரோணர், வற் வரி விட்டதில் எனக்கு மிச்சம் ஐம்பத்தாறாயிரம். அதே மாதம் மேற்கு ஒஸ்லோவில் ஆறு லட்சத்துக்கு ரெஸ்லா வாங்கினவருக்கு மிச்சம் ஒன்றரை லட்சம். பணக்காரனுக்குக் கூடச் சலுகை. 2013 செப்டெம்பரில் இந்த நாட்டில் ஆக அதிகம் விற்ற கார் ரெஸ்லா மொடல் எஸ், விலையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஆட்களும் விடவில்லை. ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனால் தரிப்பிடத்தில் வெள்ளை ரெஸ்லா பதினொன்று நின்றது, எது யாருடையது என்று தெரியாமல் ஒருவர் மற்றவரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்.

2025 நவம்பர் 8

"குளிருக்குப் பற்றரி படுத்துவிடும் என்கிறார்களே" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். படுக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

2014 ஜனவரி, மைனஸ் 17. என் லீஃபில் இருந்தது 24 யூனிட் பற்றரி. காகிதத்தில் 199 கிலோமீற்றர், அந்தக் குளிரில் ஹீற்றர் போட்டு ஓடினால் எண்பத்தைந்து தாண்டினால் புண்ணியம். போக நாற்பது, வர நாற்பது, கணக்கு மயிரிழையில் சரி. ஒஸ்லோவில் பகல் முழுக்கச் சார்ஜில் விட்டால் கவலையில்லை. ஆனால் அன்று காலை போகும்போது சார்ஜ் கம்பம் எல்லாவற்றிலும் ஆள். பின்னேரம் மாமி கொழும்பிலிருந்து வந்து விமான நிலைய ரயிலில் ஒஸ்லோவில் இறங்குகிறா. முதல்தரம் வருகிறா. இரண்டு பெட்டி, ஒரு பெட்டிக்குள் ஊறுகாய்ப் போத்தல், பருத்தித்துறை வடை.

லிசாக்கர் தாண்டினதும் ஹீற்றரை நிற்பாட்டினேன். மாமி ஒன்றும் சொல்லவில்லை. சண்ட்வீக்காவில் கண்ணாடி உள்பக்கம் உறையத் தொடங்கியது, என் வங்கி அட்டையால் சுரண்டினேன். ஆஸ்கரில் மாமி சேலைக்கு மேல் என் ஜக்கெற்றையும் போர்த்திக்கொண்டு, "தம்பி, இதுக்கோ என்னை இவ்வளவு தூரம் கூப்பிட்டனீங்கள்?" என்றா. ஆஸ்கருக்கு அப்பால் லியர்ஸ்கூகன்வரை ஏற்றம். ஏற்றத்தின் பாதியில் முகப்பில் ஆமைப் படம் எரிந்தது. லீஃபில் பற்றரி முடியப் போகிறது என்றால் ஆமை வரும், பிறகு கார் ஆமை வேகத்தில்தான் போகும். பின்னால் வந்த பாரவண்டிக்காரன் விளக்கை அடிக்கிறான். நான் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் அந்த அளவு பக்தி எனக்கு வந்ததில்லை.

உச்சிக்கு வந்துவிட்டோம். அங்கிருந்து டிராமன் பக்கம் நீண்ட இறக்கம். மின்சாரக் கார் இறக்கத்தில் ஓடும்போது மோட்டார் திரும்பி மின்சாரம் பண்ணி பற்றரிக்குள் அனுப்பும். இறங்க இறங்க ஆமை மறைந்தது, ஒரு கோடு திரும்ப வந்தது. வீட்டு வாசலில் கார் நின்றது. மாமி இறங்கி, "இறக்கத்தில பெற்றோல் ஊறுற காரை நான் இப்பதான் காணுறன்" என்றா.

பிழை என்னுடையது. சார்ஜ் பண்ணாமல் விட்டது நான். இப்போது ஓட்டும் காரில் மைனஸ் 17இலும் முந்நூறு ஓடலாம், அதனால் இந்தக் கதை பேரப்பிள்ளைக்கு விளங்காது.

2025 நவம்பர் 9

மாமி அன்று இன்னொன்றும் கேட்டா: "கரண்ட் நிண்டால் என்ன செய்வியள்?" நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வருஷக் கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த மனுசி கேட்ட கேள்வி அது.

யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வர விடாத அந்தத் தடைக் காலத்தில் மாமா தன் பழைய ஒஸ்ரின் ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினார். பெற்றோல் ஒரு போத்தல் பவுண் விலை. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார், காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வெள்ளைப் புகை வீதி முழுக்க. காருக்குள் இருந்தவர்கள் மூன்று நாள் குளித்தாலும் குப்பி விளக்கு மாதிரி மணப்பார்களாம்.

இதை ஏன் எழுதுகிறேன்? தெரியவில்லை, வந்துவிட்டது. தடையும் ஒரு வகைச் சட்டம்தான், அதற்கும் சனம் காரை மாற்றிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2025 நவம்பர் 16

இனி உங்கள் இரண்டாவது கூற்று: நிறுத்தினால் திரும்பிவிடுவார்கள்.

நிறுத்திக்கொண்டுதான் வருகிறார்கள், தம்பி. முதலில் இந்தச் சலுகைகள் 50,000 மின்சாரக் கார் வரும்வரை அல்லது 2017வரை என்றார்கள். 50,000 வந்தது 2015 ஏப்ரலில். 2019இலிருந்து ஒஸ்லோச் சுங்கவாயிலில் நாங்களும் கட்டுகிறோம், முதலில் கொஞ்சம், பிறகு கூட. இப்போது பெற்றோல் காருக்குரியதில் 70 வீதம்வரை அறவிடலாம். தரிப்பிடத்துக்குக் காசு, சார்ஜுக்குக் காசு. 2023இலிருந்து ஐந்து லட்சம் குரோணருக்கு மேற்பட்ட பகுதிக்கு வற் வரி, எடைக்கும் ஒரு வரி.

விற்பனை விழுந்ததா? புதுக் கார்களில் மின்சாரக் கார் 2020இல் 54 வீதம், 2022இல் 79, 2023இல் 82, 2024இல் 89. 2024 செப்டெம்பரில் நாட்டில் பதிவாகியிருக்கும் மின்சாரக் கார்களின் தொகை பெற்றோல் கார்களைத் தாண்டியது. ஒவ்வொன்றாக இனிப்பைப் பறித்தார்கள், பிள்ளை அழவில்லை.

ஆனால் இதை என் வெற்றியாக எழுதிவிட்டு யோசித்தேன். இனிப்பைப் பறித்தார்கள், பெற்றோல் காரின் கசப்பைக் குறைக்கவில்லையே. அந்தப் பதிவு வரி அப்படியே கிடக்கிறது, கூடவும் கூடியது. இரண்டு விலைச் சீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் இருக்கும்வரை சனம் திரும்பாது. அந்தத் தூரத்தையும் எடுத்துப் பார்த்தால்தான் உங்கள் கூற்று பிழையா சரியா என்று தெரியும், அதை யாரும் செய்து பார்க்கவில்லை.

எல்லோரும் சந்தோஷமாகக் கட்டினார்கள் என்றும் இல்லை. 2019 உள்ளூராட்சித் தேர்தலில் பேர்கன் நகரத்தில் சுங்கக் கட்டணத்துக்கு எதிராகத் தொடங்கிய கட்சி 16.7 வீத வாக்கு எடுத்தது.

2025 நவம்பர் 30

"அடுக்குமாடியில் இருக்கிறவன் எங்கே சார்ஜ் பண்ணுவான்?" நல்ல கேள்வி, நான் ஆறு வருஷம் பட்டது.

குளிர்நாடென்றபடியால் எங்கள் தரிப்பிடத்தில் எஞ்சின் சூடாக்குவதற்கு ஒவ்வொரு காருக்கும் ஒரு பிளக் ஏற்கெனவே இருந்தது. பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை வாசலில்கூட இருக்கும். அதில் லீஃபைக் கொழுவினேன், விடிய நிறைந்துவிடும். இரண்டு மாதம் ஒருவருக்கும் தெரியாது. பிறகு பொதுக் கரண்ட் பில் ஏறியதைக் கண்டுபிடித்து வீட்டுச் சங்கக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிற்பாட்டினார்கள். பட்டிக் கிழவர் எழும்பி, "நான் ஒன்பது வருஷமாகக் கொழுவுகிறேன், ஒருவரும் கேட்கவில்லை" என்றார். கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. பாவம், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

கடைசியில் ஆளுக்கொரு மீற்றர் வைத்து முடிந்தது. பிறகு சட்டமும் வந்தது, சார்ஜர் கேட்டால் தக்க காரணம் இல்லாமல் சங்கம் மறுக்க முடியாது. நாங்கள் அதற்குள் வரிசை வீடு ஒன்றுக்கு மாறிவிட்டோம்.

2025 டிசம்பர் 13

கரண்ட் விலை பற்றி இரண்டு வரி. 2022இல் இங்கே தெற்குப் பக்கம் விலை தலைக்கு மேல் ஏறியது, மணிக்கு மணி மாறும், நான் இரவு இரண்டுக்கு அலாரம் வைத்து எழும்பிச் சார்ஜ் போட்டேன், மனுசி மற்ற அறைக்குப் போய்ப் படுத்தா. இந்த ஒக்டோபரிலிருந்து விரும்பினால் அரசின் நிலையான விலை எடுக்கலாம், வரியோடு யூனிட் 50 ஓரே (அரைக் குரோணர்), கம்பிக் கட்டணம் தனி. எடுத்துவிட்டேன். வீட்டில் சார்ஜ் பண்ணினால் பெற்றோலோடு ஒப்பிடவே தேவையில்லை. வீதியோர வேக சார்ஜரில் யூனிட் ஐந்து ஆறு குரோணர், அங்கேயே குடியிருந்தால் லாபம் பெரிதாக இல்லை.

2025 டிசம்பர் 13, சற்றுப் பிறகு

மேலே 'ஒக்டோபர்' என்று எழுதிவிட்டேன், தலைப்புகளில் 'அக்டோபர்' என்றிருக்கிறது. இரண்டும் நான்தான். விடுங்கள்.

2026 ஜனவரி 6

வற் விலக்கின் வரம்பு இந்த வருஷம் பிறந்ததும் ஐந்து லட்சத்திலிருந்து மூன்று லட்சத்துக்கு இறங்கியது. அதனால் டிசம்பரில் பார்க்க வேண்டும், விற்பனைச் சாலையில் தேர்த்திருவிழா. மருமகன் 29ஆம் திகதி இரவு எட்டு மணிக்குப் போய், அவனுக்குப் பிடிக்காத நிறத்தில் ஒரு கார் எடுத்து வந்திருக்கிறான். நிறம் தேடி ஜனவரிக்குத் தள்ளியிருந்தால் அந்த விலைக்கு ஐம்பதாயிரம் கூட. 2022 டிசம்பரில் நானும் இதையேதான் செய்தேன், எனக்குக் கிடைத்தது கடும் சாம்பல்.

2025 முழு வருஷத்துக்கும் மின்சாரக் காரின் பங்கு ஏறத்தாழ 96 வீதம். 2025க்குள் புதுக் கார் எல்லாமே புகையில்லாததாக வேண்டும் என்று 2017இல் நாடாளுமன்றம் குறி வைத்தது. அன்று அதைக் கேட்டு நான் நம்பவில்லை. டீசலால் சுட்ட கை.

2026 ஜனவரி 10

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். வாதத்தைப் பற்றி ஒன்றுமில்லை. "அண்ணை, இஞ்ச பழைய லீஃப் ஒண்டு பேசிக்கொண்டிருக்கிறன், எடுக்கலாமோ?" என்று மட்டும்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள். அதனால் பழையதற்கும் நல்ல விலை கேட்பார்கள். 2022இல் கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று வரிசையில் நின்றபோது, கொக்குவிலில் என் மச்சான் வீட்டுக்குப் பக்கத்தில் லீஃப் வைத்திருந்த ஒருவர் ஊருக்கே ராசா, கலியாண வீடு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அவர் கார்தான். ஆசை வருவது நியாயம்.

உங்களுக்குக் குளிர் பிரச்சினையில்லை. வெயில்தான் பிரச்சினை. அந்தப் பழைய லீஃப் பற்றரிக்குக் குளிராக்கும் ஏற்பாடு கிடையாது, சூட்டில் கெதியாகத் தேயும். முகப்பில் வலப்பக்கம், சார்ஜ் காட்டும் கோடுகளுக்கு வெளிப்புறமாகச் சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும். அவைதான் பற்றரியின் ஆயுள். புதிதில் பன்னிரண்டு. விற்கிறவர் பெரிய கோடுகளைக் காட்டி "ஃபுல் சார்ஜ்" என்பார், நீங்கள் சின்னதை எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் பேசலாம். எட்டு என்றால் வீட்டிலிருந்து சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போதும், வவுனியா நினைக்க வேண்டாம். மத்தியான வெயிலில் ஏசி போட்டு முப்பது கிலோமீற்றர் நீங்களே ஓட்டிப் பாருங்கள். ஆமை வந்தால் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து வாருங்கள். உங்கள் பக்கம் இறக்கமும் கிடையாது.